கிரெப் பிறந்த கதை

பேரன் கணினியில் 'கிரெப்' என்று தட்டினான். பெரிய கோப்பிலிருந்து வேண்டிய வரிகள் மட்டும் வந்து விழுந்தன. இதென்ன பெயர் என்றேன், அவனுக்கே தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

1970-களின் தொடக்கம், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். லீ மக்மஹன் என்பவர் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மொத்தம் 85, எல்லாம் ஒரே புனைபெயரில் வந்தவை. அதில் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவையா, மாடிசன் எழுதியவையா என்பது பழைய வழக்கு. சொற்பழக்கத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். (பெயர் இல்லாத விடைத்தாளை நடையைப் பார்த்தே யாருடையது என்று நாங்கள் சொல்வோமே, அதே வித்தைதான்!) ஆனால் 'எட்' என்ற தொகுப்பானில் அவ்வளவு பெரிய கோப்பு கொள்ளவில்லை. கென் தாம்சன் அதிலிருந்த தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வரிவரியாகப் படிக்கும் தனி நிரலாக்கிக் கொடுத்தார். 'எட்'டில் 'ஜி/ஆர்ஈ/பி' என்றால், கோப்பு முழுதும் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடு என்று பொருள். அந்த எழுத்துகளே பெயராகி, 1973-இல் யூனிக்ஸ் கையேட்டில் ஏறிவிட்டன.