முந்திரிக்குப் போன பெயர்

கச்சிராயபாளையத்தில் ஆனாலும் கள்ளக்குறிச்சியில் ஆனாலும் விசேஷ வீட்டு மளிகைச் சீட்டில் முந்திரி, திராட்சை என்று சேர்ந்துதான் எழுதுவார்கள். பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போட இரண்டும் வேண்டும். அந்தச் சீட்டில் முன்னால் நிற்கும் சொல், ஒரு காலத்தில் பின்னால் நிற்கும் பழத்தின் பெயர்.

வடமொழியில் திராட்சைக்கு மிருத்வீகா என்றொரு பெயர் உண்டு. முந்திரியின் முழு வடிவமான முந்திரிகை அதன் வழி வந்தது. கேரளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்தார்கள். கேரளத்தார் அதைப் பறங்கிமாவு, கசுமாவு என்று மாமரத்தோடு சேர்த்தார்கள். தாவரவியல்படி அதுவே சரி. இரண்டும் ஒரே குடும்பம். நாமோ திராட்சையின் பெயரை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டோம். பெயரைப் பறிகொடுத்த கொடி, அடையாளத்துக்காகக் ‘கொடிமுந்திரி’ ஆயிற்று. அந்த அழகான சொல்லும் இப்போது புழக்கத்தில் தேய்ந்து, திராட்சையே நிலைத்துவிட்டது. எனக்கு இது இழப்பாகவே படுகிறது.

கொடிமுந்திரிக்கு நம் மண்ணில் ரத்த உறவு பிரண்டை. கல்வராயன் மலை அடிவார வேலிகளில் படர்ந்திருக்கும் கொடியை உற்றுப் பாருங்கள்: இலைக்கு நேர் எதிரே பற்றுக்கம்பி கிளம்பும். திராட்சைக்கும் அப்படியே. புளி சேர்த்து வதக்காவிட்டால் நாக்கை அரிக்கும் இந்தச் செடிக்கு, உறவு இருந்தும் முந்திரிப் பெயர் இல்லை.

பெயர் ஒரு பக்கம், உறவு ஒரு பக்கம் என்பது பிரான்சிலும் நடந்திருக்கிறது. போர்தோ வட்டாரத்தில் மஸ்கதெல் என்றொரு வெள்ளைத் திராட்சை உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது. அந்த வட்டாரத்துச் சொத்தேர்ன் இனிப்பு ஒயினில் செமியோன், சொவின்யோன் திராட்சைகள் பெரும்பங்கு. மஸ்கதெல் மணத்துக்காகக் கொஞ்சம். அந்தப் பூமணத்தால், மணத்துக்குப் பேர்போன மஸ்கட் திராட்சைக் குலத்துப் பெயரின் சாயல் அதற்கு ஒட்டிக்கொண்டது. மரபணுவைச் சோதித்தபோது மஸ்கட் குலமே இல்லை என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் அதையே டோக்காய் என்று அழைத்துவந்தார்கள். 1976இல் பிரெஞ்சு நிபுணர் போல் ட்ருயேல்தான் அது மஸ்கதெல் என்று அடையாளம் காட்டினார்.

அசல் மஸ்கட் வழித்தோன்றல் நம்மிடம் உண்டு: கம்பம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் கறுப்பு வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பார்கள்; 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னீர் என்ற பெயர் வெறும் அலங்காரம் அல்ல. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால், மஸ்கட் பழங்களிலும் இருக்கிறது.