மல்லிப் பேணிக்குள் இருந்த விதை

2022 ஜூனில், டொலர் இல்லாத அந்த நாட்களில், வீட்டில பயிர் செய்யட்டும் எண்டு அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. எங்கட வீட்டில் அரச ஊழியர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த அலையில் நானும் ஒரு பழைய பெயின்ற் வாளியில் மண் நிரப்பி, குசினி மல்லிப் பேணியில் இருந்து ஒரு பிடி எடுத்துத் தூவினேன். இரண்டு கிழமையாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

அம்மம்மா எட்டிப் பார்த்தா. "எத்தினை வருசத்து மல்லியடா அது? புதுசா வாங்கி, உடைச்சுப் போடு."

நாங்கள் மல்லி விதை என்று சொல்வது உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள். முழுசாகப் போட்டாலும் வரும், ஆனால் சுணங்கும். உள்ளங்கையால் தேய்த்துப் பிளந்து, ஓர் இரவு ஊறவிட்டு, நிழலில் வைத்தேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது.

கறிக்குப் போடுவதும் விதைப்பதும் ஒன்றேயான பொருள் இது. அதனால்தானோ என்னவோ மனிதர் இதை எங்கேயும் காவித் திரிந்திருக்கிறார்கள். 1922 இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் ஏறக்குறைய அரை லீற்றர் மல்லி இருந்தது. எகிப்தில் மல்லி காட்டுச்செடியாக வளர்வதில்லை. ஆகவே அது பயிரிடப்பட்டது என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகைகளிலும் மல்லிக் கணக்கு உண்டு. அங்கே அது வாசனை எண்ணெய்க்கு. ரசம் வைக்கத் தெரியாத சனம்!

அம்மம்மாவுக்கு இந்தக் கதைகள் தேவையில்லை. அவவின் வரலாறு 1970 இல் தொடங்குது. சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கினபோது யாழ்ப்பாணத்தின் மிளகாயும் வெங்காயமும் பொன் விலைக்குப் போனது. "கல்வீடு கட்டினது மிளகாயாலதான்" எண்டுவா. அதே காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற சனமும் இருந்தது, அதையும் சொல்லுவா. 1977 இல் சந்தை திறந்தது, விலை விழுந்தது. தோட்டக்காரரிடம் ஒருத்தரும் கேட்டுவிட்டுத் திறக்கவில்லை, மூடவும் இல்லை.

என்ர வாளி மல்லி ஓகஸ்ட் வெயிலுக்கு இலை விடாமல் சட்டென்று பூத்துவிட்டது. மார்கழியில் போட்டிருக்க வேணுமாம். காய்ந்த பிறகு ஒரு கைப்பிடி விதை கிடைச்சது. அம்மம்மா ரசத்துக்குக் கேட்டா. குடுக்கேல்லை.