116 வயது கண்ட ஆங்கில மூதாட்டி

'நூறாண்டு வாழ்க' என்று வாழ்த்துவது தமிழர் வழக்கம். அவ்வாழ்த்தையும் மிஞ்சி வாழ்ந்தவர் எத்தல் கேட்டரம் அம்மையார். உலகிலேயே வயதில் மூத்தவர் என்னும் சிறப்பு 2025 ஏப்ரல் 30-ல் அவரை வந்தடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவருக்கு 116 வயது நிறைந்தது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஷிப்டன் பெலிஞ்சர் என்னும் சிற்றூரில், 1909 ஆகஸ்ட் 21-ல் அவர் பிறந்தார். ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆண்ட காலம் அது. 1927-ல், பதினெட்டாம் வயதில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். ஓர் இராணுவக் குடும்பத்தின் குழந்தைகளை மூன்றாண்டுகள் வளர்த்தார். தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாய் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

1933-ல் நார்மன் என்னும் இராணுவ அதிகாரியை மணந்தார். கணவரின் பணி காரணமாக ஹாங்காங்கிலும் ஜிப்ரால்ட்டரிலும் வாழ்ந்தார். ஹாங்காங்கில் ஒரு குழந்தைப் பள்ளியும் நடத்தினார். 1976-ல் கணவரை இழந்தார். இரு புதல்வியரும் அவருக்கு முன்பே மறைந்தனர். 97 வயது வரை தாமே கார் ஓட்டினார். 2020-ல், 110 வயதில், கோவிட் நோய் கண்டும் பிழைத்தெழுந்தார். யாரோடும் வாதிடாமல், சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தமக்கு விருப்பமானதைச் செய்வதே தம் வழக்கம் என்பார்.

இவ்வளவு வயதை உலகம் எப்படி நம்பியது? அதே இங்கிலாந்தில் 1635-ல் இறந்த தாமஸ் பார் என்பவருக்கு 152 வயது என்று சொல்லி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அதற்குச் சான்று ஏதுமில்லை. இன்று அறிஞர் எவரும் அதை ஏற்பதில்லை. 1837-ல் அந்நாட்டில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியது. அதன் பிறகே பிறப்பு, திருமணம், குடிக்கணக்கு ஆகிய ஏடுகளை ஒப்புநோக்கி வயதை நிறுவ வழி பிறந்தது. 1877-ல் பிறந்து 1993-ல் மறைந்த சார்லட் ஹியூஸ் என்னும் ஆசிரியை 115 ஆண்டும் 228 நாளும் வாழ்ந்தார் என்று நாட்கணக்காகச் சொல்ல முடிவது இதனாலேதான். அவர் கண்ட வயதையும் கேட்டரம் அம்மையார் 2025-ல் கடந்தார்.

நீலாய் வட்டாரத் தோட்டங்களிலும் நெடுநாள் வாழ்ந்த பாட்டிமார் உண்டு. வயதைக் கேட்டால், 'ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளை' என்பதே விடையாகும். அவ்விடையில் பொய்யில்லை, ஆனால் அலுவலகம் கேட்டது காகிதத்தை. 1957-ல் நாடு விடுதலை பெற்றபின், பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத் தமிழர் பலர் குடியுரிமை பெறமுடியாமல் சிவப்பு அடையாளக் கார்டுடன் காலங்கழிக்க நேர்ந்தது.

ஒரே காலத்தில் கடல் கடந்தவர்கள்தாம் அந்த ஆங்கில மாதும் லயத்துப் பாட்டியும். முன்னவரின் வயதை உலகம் நாட்கணக்காக அறிகிறது; பின்னவரின் வயதைப் பேரப்பிள்ளைகளும் அறியார். நீண்ட ஆயுள் இயற்கை தரும் கொடை. அதற்குச் சான்று வைப்பது மனிதர் செய்யவேண்டிய வேலை. வீட்டிலுள்ள முதியோர் சொல்லும் ஊர், கப்பல், பிறந்த காலம் ஆகியவற்றை இன்றே ஒரு ஏட்டில் எழுதிவைப்பது அவ்வேலையின் தொடக்கமாகும்.