வாசல் அடைபட்ட கடற்படை

1871இல் ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு இரண்டு கடல்கள் இருந்தன. பெருங்கடல் மட்டும் இல்லை. கிழக்கே பால்டிக், மேற்கே வடகடல், நடுவே டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பம். ஒரு கடலில் நிற்கும் போர்க்கப்பல் மறுகடலுக்குப் போக டென்மார்க்கின் குறுகிய நீரிணைகளைச் சுற்றியாக வேண்டும்.

இந்தக் குறையை நிலத்தை வாங்கியும் வெட்டியும் சரிசெய்யப் பார்த்தார்கள். பின்னர் ஜெர்மனியை ஒன்றுபடுத்திய, வடகடலில் கரையே இல்லாதிருந்த பிரஷ்யா, 1853இலேயே ஓல்டன்பர்க் அரசிடம் நிலம் வாங்கி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. 1890 உடன்படிக்கையில் ஹெலிகோலாந்து தீவு பிரிட்டனிடமிருந்து கைக்கு வந்தது. 1895இல் ஏறத்தாழ 98 கிலோமீட்டர் நீளமுள்ள கீல் கால்வாய் திறக்கப்பட்டது. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்னும் பெரிய போர்க்கப்பலை இறக்கியதும், அந்த அளவுக் கப்பல்களுக்குக் கால்வாய் போதாமல் போனது. அகலப்படுத்தும் வேலை முடிந்தது 1914 ஜூனில், முதல் உலகப் போர் மூளுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது.

ஆனால் உண்மையான பூட்டு வெளியே இருந்தது. வடகடலைவிட்டு அட்லாண்டிக்குக்குப் போக இரண்டே வழிகள்: சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள டோவர் நீரிணை, இன்னொன்று ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடல். இரண்டையும் பிரிட்டன் தன் கரையிலிருந்தே காவல் காக்க முடிந்தது. 1898, 1900 கடற்படைச் சட்டங்களால் பெரும் கப்பற்படையை எழுப்பிய தளபதி டிர்பிட்ஸ், பிரிட்டிஷ் படை ஜெர்மன் கரையை நெருங்கி முற்றுகையிடும், அங்கே அதை மோதிச் சிதைக்கலாம் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில்தான் பிழை. 1914இல் பிரிட்டன் நெருங்கி வரவே இல்லை. ஆர்க்னி தீவுகளின் ஸ்காபா ஃப்ளோவில் நங்கூரமிட்டு, தொலைவிலிருந்தே கதவைச் சாத்தியது. 1916 மே 31இல் தொடங்கிய யூட்லாந்துப் போரில் பிரிட்டன் 14 கப்பல்களையும் ஜெர்மனி 11 கப்பல்களையும் இழந்தன. அப்படியும் முற்றுகை தளரவில்லை.

கதவுக்கு வெளியே இருந்த ஜெர்மன் கப்பல்கள் சிலவே. சீனக் கரையின் சிங்தாவோவைத் தளமாகக் கொண்டிருந்த எம்டன் என்னும் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்தப் பெயர் தமிழ்ப் பேச்சில் இன்றும் புழங்குகிறது. நிலக்கரி நிரப்பச் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட இந்தியப் பெருங்கடலில் அதற்குப் பாதுகாப்பாக இல்லை. நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளருகே அது வீழ்ந்தது.

இந்தப் பாடத்தைத் தெளிவாக எழுதியவர் ஜெர்மன் கடற்படை அதிகாரி வொல்ஃப்காங் வேகனர். கப்பல்களின் எண்ணிக்கையைவிட அவை நிற்கும் இடமே முக்கியம் என்று 1929இல் வெளியிட்ட நூலில் வாதிட்ட அவர், நார்வேக் கரையைச் சுட்டிக்காட்டினார். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. கோடையில் பிரான்சின் அட்லாண்டிக் துறைமுகங்களும் அதன் நீர்மூழ்கிகளுக்குத் திறந்தன.