கொயினா வேண்டாம்!

சென்ற வாரம் அந்தச் சிப்பாயைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு விடைபெற்றோம். ஞாபகம் இருக்கிறதல்லவா?

மாசிடோனியப் போர்முனையிலிருந்து வந்தவன். நரம்பு கலங்கிவிட்டது என்று சொல்லி வியன்னாவின் மனநோய் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வந்த இடத்தில் குளிர் தூக்கிப் போடுகிறது. அப்புறம் அனலாய்க் கொதிக்கிறது. வியர்த்துக் கொட்டி ஓய்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே கதை. முறைக்காய்ச்சல். மலேரியா.

கொயினா கொடுத்துவிடலாமா என்று உதவி மருத்துவர் கேட்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா? யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள்.

பேராசிரியர் போகவில்லை.

வேண்டாம் என்றார்.

யூலியஸ் வாக்னர்-யவ்ரெக்குக்கு அப்போது அறுபது வயது. அந்த ஒற்றைச் சொல்லை அவர் முப்பது வருடமாக மனதுக்குள் வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணைப் பார்த்தாரே, புத்தி பேதலித்துக் கிடந்தவள், எரிசிபெலஸ் கண்டு, தோல் சிவந்து வீங்கி, காய்ச்சல் அடித்து ஓய்ந்ததும் தெளிந்து எழுந்தவள், அவளை அவர் மறக்கவே இல்லை. காய்ச்சலை நாமே வரவழைத்தால் என்ன? 1887இல் கட்டுரையே எழுதிவிட்டார். மலேரியாவைக்கூடக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அதிலேயே சொல்லியிருந்தார்.

எழுதினாரே ஒழிய, மலேரியாவைக் கொடுக்கத் துணியவில்லை. எரிசிபெலஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். பலிக்கவில்லை. ராபர்ட் காக்கின் டியூபர்குலினைப் போட்டுப் பார்த்தார். சிலர் தேறினார்கள். தேறியவர்களிலும் பலர் திரும்ப விழுந்தார்கள்.

இப்போது மலேரியா தானாகவே நடந்து வந்து அவர் வார்டில் படுத்திருக்கிறது. இது விதி காட்டிய சைகை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அதே கட்டடத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. மேகநோய்க் கிருமி மூளைக்குள் ஏறிவிட்டவர்கள். ஆரம்பத்தில் தங்களை மகாராஜா என்பார்கள். கோடிகளை வாரி வழங்குவார்கள். பிறகு நாக்கு குழறும். கால் இழுக்கும். சில வருடங்களில் மரணம். அந்தக் கிருமியை மூளைத் திசுவிலேயே ஆராய்ச்சியாளர் நோகுச்சி 1913இல் கண்டுபிடித்துக் காட்டிவிட்டார். ஆனாலும் மேகநோய்க்குப் போடும் சல்வர்சான் ஊசி அங்கே எடுபடவில்லை. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் அங்கே தோற்றுக்கொண்டிருந்தது. அதை உசுப்பிவிட ஒரு காய்ச்சல் போதுமா? குணமாக்குவது சூடா, அந்தச் சூட்டைக் கிளப்புகிற எதிர்ப்புச் சக்தியா? பேராசிரியரிடம் தெளிவான பதில் இல்லை. அந்த விவாதம் அவருக்குப் பிறகும் தீரவில்லை.

1917 ஜூன் 14.

சிப்பாயின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். நோயாளிகளின் கையில் லேசாகக் கீறி, அதன்மேல் தடவினார்கள். அவர்களில் ஒருவர் நடிகர். வயது முப்பத்தேழு. மேடையில் வசனம் பேசி வாழ்ந்தவருக்கு நினைவே நழுவிக்கொண்டிருந்தது.

சம்மதம் கேட்டார்களா? சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லை. இன்றைக்கு இதைச் செய்தால் நேரே சிறைதான். ஆனால் அன்று வாக்னர்-யவ்ரெக் போட்ட கணக்கு வேறு. சும்மா விட்டால் சாவு நிச்சயம். மலேரியாவுக்கோ மருந்து கையில் இருக்கிறது. கருணையா, முப்பது வருடப் பிடிவாதமா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். பிடிவாதம் ஒரு பங்கு கூடுதல்.

ஒரு வாரம் போயிற்று. ஒன்றுமில்லை. இன்னொரு வாரம். ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் நடிகருக்குக் குளிர் எடுத்தது.

காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பல முறை அப்படியே விட்டுவிட்டுப் பிறகுதான் கொயினாவைக் கொடுத்தார்கள். நின்றது. அடுத்து நடந்ததை வார்டே வேடிக்கை பார்த்தது. வசனம் மறந்த நடிகர் சக நோயாளிகள் முன்னால் நின்று ஒப்பித்துக் காட்டினார்! டிசம்பரில் வீட்டுக்கே போய்விட்டார்.

மொத்தம் 9 பேருக்குக் கொடுத்ததில் 6 பேர் தேறினார்கள். எல்லோருக்கும் அது நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். பேராசிரியருக்கு 6 போதும். 1927இல் நோபல் பரிசு வரப்போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

அவருக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் மலேரியா ரத்தம். போர்க்காலம், மலேரியாச் சிப்பாய்களுக்கா பஞ்சம்? இன்னொருவன் கிடைத்தான். இந்த முறை நான்கு நோயாளிகள். அதே கீறல், அதே காத்திருப்பு. கொயினா கைவசம் இருக்கிறது, என்ன பயம்?

அந்த நால்வரில் மூன்று பேர் செத்துப்போனார்கள்.

இரண்டாவது சிப்பாயின் ரத்தத்தில் அப்படி என்ன இருந்தது?

(அடுத்த வாரம்)