பட்டாசு ஆலை விபத்து வழக்கு என்ன ஆச்சு? இ-கோர்ட்ஸ் தளத்தில் சரியாகத் தேடுவது எப்படி?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிவிபத்து நடந்தால் அன்னைக்கு எல்லா சேனலும் ஓடி வரும். ஆனால் வழக்கு அடுத்து எந்தத் தேதியில் வருது என்பதை, பாதிக்கப்பட்ட குடும்பம்தான் தேடித் தெரிஞ்சுக்கணும். அதற்கு இ-கோர்ட்ஸ் இணையதளமும் செல்போன் ஆப்பும் இருக்கு, இரண்டுமே இலவசம். ஆனாலும் பலருக்குக் கிடைக்கும் பதில், 'பதிவு இல்லை'. பெரும்பாலும் வழக்கு இல்லாததால் அல்ல, தேடும் முறை தவறுவதால்தான்.

இறந்தவர் பெயரைப் போட்டால் ஏன் வரவில்லை?

இதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. கிரிமினல் வழக்கில் ஒரு பக்கம் அரசு, அதாவது காவல் நிலைய இன்ஸ்பெக்டர். மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். இறந்தவரோ காயமடைந்தவரோ அதில் 'தரப்பு' கிடையாது. அதனால் அவர் பெயரைப் போட்டால் வராது. எஃப்ஐஆர் நம்பர், அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் பெயரைப் போட்டுத் தேடுங்க.

கையில் எது இருக்கு?

* சிஎன்ஆர் எண்: ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க அடையாளம். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். இடைவெளி, கோடு இல்லாமல் டைப் செய்தால் நேராக அந்த வழக்கு வந்துவிடும்.
* எஃப்ஐஆர் எண்: மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு மூன்றும் சரியாக இருக்கணும். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, கோர்ட் வழக்கு எண் கொடுத்த பிறகுதான் முழு விவரம் கிடைக்கும்.
* பெயர் மட்டும்: குறைந்தது 3 எழுத்தும், வழக்கு பதிவான ஆண்டும் தேவை. விபத்து நடந்த ஆண்டில் வரவில்லை என்றால் அடுத்தடுத்த ஆண்டுகளையும் போட்டுப் பாருங்க.

ஸ்பெல்லிங் தொல்லை

மாரியப்பன் என்ற பெயரை ஆங்கிலத்தில் நடுவில் 'ஒய்' போட்டும் எழுதுவாங்க, போடாமலும் எழுதுவாங்க. லட்சுமி 'கேஎஸ்'ஸிலும் இருக்கும், 'எக்ஸ்'ஸிலும் இருக்கும். கோர்ட்டில் எப்படி டைப் செய்தாங்களோ, அப்படித்தான் பதிவில் இருக்கும். அதனால் முழுப்பெயர் வேண்டாம், இனிஷியலும் வேண்டாம். 'மாரி', 'முனி' என்று முதல் 4 எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் போடுங்க. பட்டியல் நீளமாக வந்தாலும் பரவாயில்லை.

'நிலுவை', 'முடிந்தது' என்று பிரித்துக் கேட்கும் இடத்தில் 'இரண்டும்' என்பதைத் தேர்வு செய்யுங்க. நிலுவையை மட்டும் பார்த்தால், தீர்ப்பு வந்த வழக்கு கண்ணில் படாது.

எந்த கோர்ட்?

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். 'விருதுநகர்' வளாகத்தில் மட்டும் தேடினால் அங்குள்ள வழக்கு வராது. ஒரு வளாகத்தில் இல்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்க.

எல்லா வழக்கும் ஒரே இடத்திலும் இருக்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்குகளுக்கு தனிப் பகுதி இருக்கு. 2021 பிப்ரவரி 12-ல் நடந்த அச்சங்குளம் வெடிவிபத்தை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அப்படிப்பட்ட உத்தரவுகளை தீர்ப்பாயத்தின் தளத்தில்தான் தேடணும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி போட்ட மனு தொழிலாளர் துறை அதிகாரியிடம் இருக்கும். அதற்கு அந்த அலுவலகத்தில்தான் கேட்கணும்.

கிடைத்த பிறகு?

அடுத்த விசாரணைத் தேதி, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கு, இதுவரை வந்த உத்தரவுகள் ஆகியவற்றைப் பாருங்க. சிஎன்ஆர் எண்ணை உடனே எழுதி வையுங்க. ஆப்பில் 'என் வழக்குகள்' பகுதியில் சேமித்தால் மறுபடி தேட வேண்டாம்.

முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கோங்க. வழக்கு நிலை பார்க்க யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உதவி எண் 15100.