மார்த்தாண்டத்துப் பெட்டிகள் வெறுமையான கதை

திருகோணமலையில் வரலாறு எண்டால் கோட்டை, ஒல்லாந்தர், கடற்படைத்தளம். அதைவிட்டு வேறெதையும் கதைக்க எங்களுக்கே கஷ்டம்தான். இந்தமுறை ஒரு பூச்சியின் வரலாற்றுக்குப் போவோம். எங்கட வட்டத்தில் ரெண்டு பேர் உப்புவெளியில் தேனீப்பெட்டி வைத்திருக்கினம். கூடு மெலிஞ்சால் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன மருந்து குடுக்கலாம்?" எங்களுக்கு அந்தக் கேள்வியே பிழையாகப் படுகிறது. ஏன் எண்டு விளங்க, கடலுக்கு அந்தப்பக்கம் 1991, 92இல் நடந்ததைப் பார்க்க வேணும்.

தென்னிந்தியாவில் பெட்டியில் தேனீ வளர்ப்பது 1910களில் பரவத் தொடங்கியது. நியூட்டன் என்ற பாதிரியார் நாட்டுத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றை வடிவமைத்து, 1911க்கும் 1917க்கும் இடையில் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். அது இன்றைக்கும் 'நியூட்டன் பெட்டி'தான். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய வை.எம்.சி.ஏ. கிராம நிலையம் மூலம் இந்தத் தொழில் மார்த்தாண்டத்தில் வேர்விட்டது. அங்கே தேனுக்குப் பெரிய ஆதாரம் இறப்பர் மரம். பூவிலிருந்து இல்லை, தளிர் இலையின் காம்பில் சுரக்கிற இனிப்பிலிருந்துதான் தேன் வருகிறது! அந்தப் பருவத்தில் பெட்டிகள் தோட்டம் தோட்டமாகப் பயணம் போகும்.

நோயும் பயணம் போனது. 1976இல் தாய்லாந்தில் தெரிய வந்தது, 1978இல் வடகிழக்கு இந்தியாவுக்கு வந்தது. 1991, 92இல் தெற்கைப் பிடித்தது. கேரளத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கூடுகள் அழிஞ்சுபோயின. கன்னியாகுமரியிலும் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சின.

கூட்டுக்குள் என்ன நடந்தது? வளர்ந்த தேனீயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அது வழமைபோல் பறக்கும். நோய் தெரிவது புழுவில். கூட்டுப்புழுவாக மாற வேண்டிய தறுவாயில் அது மாறாமல், அறைக்குள் மல்லாந்து நீண்டு, தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடக்கும். கழற்ற வேண்டிய தோலைக் கழற்ற முடியாததால் உடம்புக்கும் தோலுக்கும் நடுவில் நீர் கட்டும். மெதுவாகத் தூக்கினால் தண்ணி நிரப்பின பைபோல முழுசாக வரும். நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, பிறகு தலைப்பக்கமிருந்து கறுக்கும். காய்ஞ்சால் சின்ன வள்ளம் மாதிரி ஒரு செதில், தட்டினால் விழும்.

இதை வடிவாகப் பார்க்க வேணும், ஏனெண்டால் புழுவைக் கொல்லுகிற இன்னொரு நோயும் இருக்கு. அதில் நெருப்புக்குச்சியை விட்டு இழுத்தால் சீழ்போல நூலாக இழுபடும், மணக்கும், காய்ஞ்ச செதில் அறையோடு ஒட்டியே இருக்கும். அது பக்டீரியா. பை மாதிரி வருவது வைரஸ். இந்த வேறுபாட்டை அமெரிக்காவில் ஜி.எஃப். வைற் 1913இலேயே எழுதிவிட்டார்: நோய்ப் புழுவின் சாற்றை, பக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியால் வடித்த பிறகும் நோய் தொற்றியது. அவர் வைத்த பெயர் சாக்புரூட், பைப்புழு என்று சொல்லலாம். தாய்லாந்தில் தெரிய வந்தது அதன் நெருங்கிய உறவு.

வைரஸ் எண்டால் அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. குடுத்தால் தேனில்தான் மிச்சம் நிற்கும். நோயைப் பரப்புவதும் கூட்டின் நல்ல குணம்தான்: செத்த புழுவை அகற்றித் துப்புரவாக்கும் இளம் தேனீயே வைரஸை வாங்கி, அடுத்த புழுவுக்கு ஊட்டிவிடுகிறது. ஆகவே செய்யக்கூடியது அந்தச் சங்கிலியை அறுப்பது. இராணியைக் கொஞ்சநாள் கூண்டிலடைத்து முட்டையிடாமல் தடுப்பது, நோயுள்ள அடையை அகற்றுவது, நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டிலிருந்து புது இராணி எடுப்பது. கன்னியாகுமரித் தேன் திரும்ப எழும்பியது தப்பிய கூடுகளைப் பெருக்கித்தான்.

இங்கே எல்லாரும் திட்டுவது மெழுகுப்பூச்சியை. பாவம். பலமான கூட்டில் அது நிலைக்காது, தேனீக்கள் வெளியே தள்ளிவிடும். பூச்சி வலை பின்னியிருந்தால் கூடு ஏற்கனவே மெலிஞ்சுபோச்சு எண்டு அர்த்தம். வாசலுக்கு வெளியே வளர்ந்த தேனீக்கள் குவியலாகச் செத்திருந்தால் முதலில் பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் எண்டு கேட்க வேணும். உள்ளே புழு செத்திருந்தால் அது வேற கதை.

துறைமுகக்காரரான எங்களுக்கு இன்னொரு சங்கதி. அவுஸ்திரேலியா தன் துறைமுகங்களில் காவலுக்குத் தேனீப்பெட்டிகள் வைக்கிறது. வந்திறங்கும் நோய் முதலில் அதில் தெரியட்டும் எண்டு. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் வரோவா உண்ணி அப்படித்தான் பிடிபட்டது. ஆசிய அடுக்குத் தேனீ இந்த உண்ணியோடு காலங்காலமாகச் சமாளித்து வாழ்கிறது, ஐரோப்பியத் தேனீக்கோ அது எமன். அங்கே பெட்டி பெட்டியாக அழித்தும் பிடிக்கமுடியாமல், 2023 செப்டெம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். காவல் வைத்தவர்களுக்கே இந்த நிலை. எங்கட துறைமுகத்தில் ரெண்டு பெட்டி வைக்க எவ்வளவு இடம் வேணும்?